டாரண்ட் வீட்டுக் குழந்தை பிறந்த வருடம்

அன்பு மகள் பிரையனிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், என் முழங்கால் நீங்கலாக. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, அவரைச் செடியையெல்லாம் நத்தை தின்றுவிட்டது. அம்மா பத்து நாள் என்னோடு பேசவேயில்லை. அதற்கு நத்தை காரணமில்லை, நான்தான்.

நம் தேவாலயத்தின் எழுநூறு வருடக் கதையையும் டாரண்ட் குடும்பத்துப் பெரிய வீட்டின் கதையையும் எழுதப்போகிறேன் என்றபோது, நாற்பது வருடம் டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடந்தவருக்கு இது எதற்கு என்று சிரித்தாயே, சரியாகத்தான் சிரித்தாய். கோபுரத்தை மூன்று முறை இடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன், வடக்குச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் பழைய ஓவியத்துப் பிசாசு ஒன்றின் கால் தெரிவதைக் கண்டுபிடித்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டினேன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் தன் கல்லறைமேல் கற்சிலையாய்ப் படுத்திருக்கிறாளே மார்ஜரி டாரண்ட், அவளுக்குக் கல்யாணம் 1641 ஆகஸ்டில். தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1641 பிப்ரவரியில். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே பிள்ளை! தலைகால் புரியாமல் சபை மாத இதழில் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை டாரண்ட் அம்மையார், எண்பத்திரண்டு வயதில், சொட்டும் மழைக்கோட்டோடு நம் வாசலில். எங்க வீட்டு மானத்த அச்சடிச்சு வீடு வீடாப் போட்டிருக்க வில்ஃப், இந்த வருஷம் உங்க கோடைச் சந்தைய உன் அவரைப் பாத்தியிலயே நடத்திக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய், பெரிய வீட்டு வாயிற்கதவைப் பூட்டிவிட்டார். வருடா வருடம் சந்தை நடக்கும் அந்த வீட்டுப் புல்வெளி இல்லாவிட்டால் சந்தை இல்லை, சந்தையில் சேரும் பணம் இல்லாவிட்டால் கோபுரத்துக்குக் கூரை இல்லை. ஊரே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. கொத்துக்கறி வேணுமா, இல்ல உன் நாக்கையே கொத்தித் தரட்டுமா என்று கேட்டான் கறிக்கடை நெவில்.

என் பக்கம்தான் நியாயம் என்று நிரூபிக்க மறுபடியும் பதிவேட்டைத் திறந்தேன். டிசம்பர் 1641க்கு அடுத்த வரியில் ஜனவரி 1641, அதற்கடுத்து பிப்ரவரி 1641. எழுதியவன் குடித்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினால் மார்ச் இருபத்தைந்தில்தான் 1642 தொடங்குகிறது. அப்போதுதான் உறைத்தது, அந்தக் காலத்தில் புதுவருடம் பிறந்ததே அன்றுதான். என் தாத்தா குத்தகை முடிந்து பண்ணை மாறியதெல்லாம்கூட அந்தப் பழைய புதுவருடத் தேதியில்தான். ஆக, அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1642, கல்யாணத்துக்குப் பிறகு வந்த பிப்ரவரி. முந்நூற்றெண்பது வருடம் மானத்தோடு படுத்திருந்த பெண்ணை நான் ஒரே பத்தியில் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மையார் கேட்டுவிட்டு ஆகஸ்டிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணக்கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பவும் ஆறு மாசந்தானே வருது வில்ஃப் என்றார். திடீரென்று சிரித்துவிட்டார். எங்க வீட்டுல யாருக்குமே பொறுமை கிடையாது, நானே ஏழாம் மாசத்துல பொறந்தவள்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொன்னாங்க, ஒம்பது பவுண்டு எடை இருந்தேனாம் என்றார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் பிள்ளைன்னு போடு, மாசக்கணக்கப் போட்டே, மறுபடி பூட்டுவேன் என்று சாவியை எடுத்தார்.

போன ஞாயிறு போதகரம்மா அந்தத் திருத்தத்தை ஆராதனையில் வாசித்தார். பிறகு ஜெபம். எல்லோரும் பக்தியாகத் தலைகுனிந்திருந்தார்கள், மடியில் விரல்கள் மட்டும் ஆகஸ்ட், செப்டம்பர் என்று மடங்கிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் டாரண்ட் அம்மையார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பேரனுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு அன்பு. கர்த்தர் உங்களைக் காக்கட்டும். சந்தை ஜூலை பன்னிரண்டு, விமான டிக்கெட்டை உடனே எடு.

இப்படிக்கு,
அம்மா இன்று காலைதான் பேசத் தொடங்கிய
உன் அப்பா வில்ஃப்