மண்டித் தராசில் ஐம்பத்தேழு

6-6-76, ஞாயிறு

பள்ளிப்பட்டுக் கண்ணையன் இருபத்தாறு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்தான். காய் நல்ல திரட்சி. சுமார்தான் என்று சொல்லி வாங்கினேன்.

எடை போட்டு முடிந்தும் ஒருவரும் கலையவில்லை. ஞாயிறு வந்தால் என் மண்டிதான் இவர்களுக்குச் சபை. எல்லாம் கமலாவின் தம்பி துளசிங்கத்தால் வந்தது. மார்ச்சில் சென்னையில் அறுபது கிலோ பிரிவில் தென்னிந்தியக் குத்துச்சண்டைப் பட்டம் வாங்கிவிட்டான். அவன் நெய்யும் பொதட்டூர்பேட்டையில் நூல் கிடைக்காமல் தறி நிற்கிறது. பத்து நாளாக அக்கா வீட்டோடு, அதாவது என் வீட்டோடு இருக்கிறான். காலையில் முருகன் கோயில் மலைப்படியில் ஓட்டம். அவனுடைய வாத்தியார் சென்னையில். இங்கே அவனுக்கு வாத்தியார்கள் முப்பது பேர்.

இன்று அவனை என் தராசில் ஏற்றிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம்.

"இன்னாடா இது, படியேறி படியேறி கரைஞ்சிட்டே?" என்றான் பஸ் கண்டக்டர் ஜம்புலிங்கம்.

அடுத்து யாரோடு மோதுவது என்று ஆரம்பித்தார்கள். மலைமேல் மொட்டை அடிக்கும் மணவாளனுக்கு ஆசை, பையன் அடுத்த எடைப் பிரிவுக்கு ஏற வேண்டும் என்று. "அறுபத்தி மூணரையில அந்த பெங்களூர் பட்டாளத்துக்காரன் கீறான் பாரு, அவனைச் சாய்ச்சாத்தான் பேரு."

"அவன் கை நீளம் தெரியுமா உனக்கு? இவன் எட்டி ஒரு குத்து விடறதுக்குள்ள நான் அரக்கோணம் டிரிப்பு அடிச்சிட்டு வந்துடுவேன்" என்றான் ஜம்புலிங்கம்.

"இருக்கற எடையில இருக்கட்டும்பா" என்றான் கண்ணையன். அவனை யார் கேட்டார்கள்? எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சொன்னேன்: "ஒண்ணேகால் கிலோ குறைச்சா ஐம்பத்தேழு. அங்க கோலார் டேவிட் பட்டத்தை வெச்சிகினு சும்மா உட்கார்ந்துகினு கீறான். அதையும் பிடிச்சா ஒரே ஆளுக்கு ரெண்டு பட்டம். ரெயில்வேக்காரன் வேலையை வீட்டுக்கே கொண்டாந்து தருவான்."

கைதட்டல். வாத்தியாருக்குக் கடிதம் என் மேசையிலேயே எழுதப்பட்டது. துளசிங்கம், "பாவா கணக்கு தப்பாது" என்றான். அக்கா புருஷன் நான் அவனுக்குப் பாவா.

7-6-76

காலையில் பல் தேய்க்கும்போது சுரீர் என்றது. ஈயம்!

8-6-76

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு என் பெட்டியை விட்டு வெளியே போவதில்லை.

தராசின் கோலில் தொங்கும் இரும்புக் குண்டின் அடிக்குழியில் ஈயம் உருக்கி ஊற்றியிருக்கிறேன். குண்டு கனத்தால் மூட்டை லேசாகத் தெரியும். நூற்றுக்கு மூன்று கிலோ எனக்கு. சுத்தமான குண்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது. முத்திரை போடுபவர் வருஷத்துக்கு ஒருமுறை வரும் அன்று மட்டும் அதை மாட்டுவேன். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் மூட்டை தூக்கியவன் நான். தூக்கிப் போன மண்டிகளில் பார்த்துக் கற்றுக்கொண்டது. செய்யாத மண்டி எது என்று காட்டட்டும்.

ஆனால் அதைப் போய் நானே மறந்திருக்கிறேனே! பத்து வருஷம் அந்தக் கோலைப் பார்த்துப் பார்த்து, அது சொல்வதை நானே நம்பிவிட்டேன். பையன் இளைக்கவே இல்லை. மார்ச்சில் இருந்த அதே அறுபதுதான். அவன் ஐம்பத்தேழுக்கு வர உண்மையில் மூன்று கிலோ இறக்க வேண்டும். கொழுப்பே இல்லாத உடம்பில் மூன்று கிலோவை எங்கிருந்து எடுப்பான்?

14-6-76

வாத்தியாரிடமிருந்து கார்டு. ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டான் என்றால் தாராளமாக இறங்கலாம் என்கிறார். ஆகஸ்ட் முதல் தேதி, டேவிட்டோடு, ஐம்பத்தேழு கிலோவில். ரெயில்வே அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறாராம். பந்தயத்தன்று காலை எடை. கூடினால் வெளியே. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

மணவாளன் மலையில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான்.

15-6-76

என்ன வழி இருக்கிறது? துளசிங்கத்திடம் தனியாகச் சொல்லலாம். அவன் வாயில் எதுவும் தங்காது. மறுநாள் மணவாளனுக்குத் தெரியும், மணவாளனுக்குத் தெரிந்தால் மொட்டைத் தலைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். குண்டை மாற்றி மாட்டலாம். ஒரே ராத்திரியில் இவன் இரண்டு கிலோ ஏறுவான், கண்ணையனின் மூட்டையும் கூடவே ஏறும். இத்தனை வருஷமும் என் தராசுக்கே பழகிப்போன தோள் அவனுடையது, மூட்டையை வைத்தாலே எடை சொல்லுவான். இப்போதிருக்கும் அவசரநிலையில் ஒரு மொட்டைக் கடிதம் போதும், என்னை உள்ளே வைக்க.

வெறுமனே, "பத்திரத்துக்கு இன்னும் ரெண்டு கிலோ குறைச்சிடு" என்று சொல்லிப் பார்த்தேன். கமலா கரண்டியோடு வந்தாள். "உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? அவன் விலா எலும்பை எண்ணலாம் போல கீது."

20-6-76, ஞாயிறு

ஜம்புலிங்கம் திடீரென்று, "ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் தராசுலயும் ஒருதபா ஏத்திப் பாக்கலாமே" என்றான்.

"அது கண்ட மூட்டையும் விழுந்து அடிபட்ட தராசு" என்றேன்.

துளசிங்கம் சிரித்தான். "பாவா தராசு இருக்கும்போது அது இன்னாத்துக்குண்ணா?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

27-6-76, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது. தினம் ஒரு சிட்டிகை. அவன் இளைத்துக்கொண்டே வரட்டும், தராசு உண்மைக்கு வந்துகொண்டே இருக்கட்டும், இரண்டும் ஐம்பத்தேழில் சந்திக்கும். மூட்டையில் வித்தியாசம் ஒரு நாளில் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

30-6-76

மூன்று நாள் சுரண்டினேன். பையன் மூன்று நாளாக ராத்திரி சாப்பிடவில்லை. அவன் இறக்கிய அளவு தராசு ஏறிக்கொண்டதால் எடை அசையவில்லை. கோலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாக்கிக்கொண்டான்.

2-7-76

படியேறும்போது மயங்கி விழுந்தான். பூக்காரிகள் தண்ணீர் தெளித்துக் கைத்தாங்கலாக இறக்கிவந்தார்கள். முழங்கால் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

இனி சுரண்ட மாட்டேன். அப்புறம்? — அப்புறம் என்னவென்று தெரியவில்லை.

11-7-76, ஞாயிறு

டேவிட்டை முடித்த பிறகு யார் என்று பேச்சு. இன்னும் கீழே, ஐம்பத்து நாலுக்கு இறங்கலாம் என்கிறான் ஜம்புலிங்கம், "மூணு பட்டம்!" இல்லை, ஆறு மாசம் தின்னவிட்டு பட்டாளத்துக்காரனிடம் ஏற்ற வேண்டும் என்கிறான் மணவாளன். எண்களைத் தூக்கி எறிந்து விளையாடுகிறார்கள். பையன் கன்னம் ஒட்டி, கடலை மூட்டைமேல் சாய்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். என்னிடம் கேட்டார்கள். பல்வலி என்றேன்.

18-7-76, ஞாயிறு

கமலா வேண்டுதல் வைத்திருக்கிறாள். கிருத்திகையன்று மலைமேல் தம்பிக்குத் துலாபாரம், எடைக்கு எடை வெல்லம். வெல்லத்தை நானே வாங்கி மண்டியில் எடை போட்டுத் தருகிறேன் என்றேன். என் தராசில் போட்ட வெல்லம் என்றால் என் தராசில் நின்றவனுக்குச் சரியாக இருக்கும். ஒருவனுக்கும் தெரியாது.

"வேணாங்க. சாமி காரியத்துக்கும் பேரம் பேசுவீங்க நீங்க. பொய்கைகிட்ட வேணு கடையில சொல்லிட்டேன். ஐம்பத்தெட்டு கிலோ."

மண்டிக்குப் போய்விட்டேன்.

21-7-76, புதன். ஆடிக் கிருத்திகை

இன்று நடந்ததை எழுதுகிறேன்.

மலை முழுக்க காவடி. துலாபாரத் தட்டில் துளசிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிர்த்தட்டில் வெல்லம் ஏற ஏற நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி உருண்டையும் வைத்தாயிற்று. அவன் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

"இன்னும் கேக்கறான்மா முருகன்!" என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கமலாவின் கண்ணில் தண்ணீர். அப்படியே விட்டிருக்கலாம். முருகன் கேட்டதாகவே இருந்திருக்கலாம்.

கண்ணையன்தான் வெல்லப் பக்கம் போய் இரண்டு உருண்டையைக் கையில் தூக்கிப் பார்த்தான். "நேத்து மண்டியில ஐம்பத்தேழரை. இங்க ஐம்பத்தெட்டு கிலோ வெல்லம் பத்தல. முருகன் இல்லம்மா, வேணு. சாமி வெல்லத்துல அடிச்சிட்டான்."

அவ்வளவுதான். அத்தனை பேரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வேணுவின் கடைப் பலகை கவிழ்ந்து கிடந்தது. வெல்லம் சேற்றில். "என் எடைக்கல்ல எடுத்துகினு போய் எங்க வேணா போட்டுப் பாருங்கய்யா" என்று கத்துகிறான், ஒருவர் காதிலும் ஏறவில்லை. மணவாளன் அவன் சட்டையைப் பிடித்திருந்தான். யாரோ போலீசுக்கு ஆள் அனுப்பு என்றார்கள்.

துளசிங்கம் என் பக்கத்தில் வந்து நின்றான். மாலைகூடக் கழற்றவில்லை. "பாவா. நான் இன்னா எடை?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் எப்போது புரிந்துகொண்டான்? படியிறங்கும்போதா? தட்டில் உட்கார்ந்திருக்கும்போதேவா?

"ஐம்பத்தொம்பது" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். ஆனால் நான் சொன்னது என்ன? "வேணுவை விடுங்கப்பா. அவன் வெல்லம் சரியாத்தான் இருக்கும். என் தராசுதான் பழுதாயிடுச்சு போல கீது." அந்த நேரத்திலும் பழுது என்றுதான் வாய் வந்தது.

மணவாளன் கை சட்டையிலிருந்து இறங்கியது. கண்ணையன் மட்டும் என்னையே பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, விலை கேட்கிற மாதிரி கேட்டான்:

"எந்த வருசத்துலருந்து மொதலாளி பழுது?"



22-7-76

கமலா சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெட்டியிலிருந்த சுத்தமான குண்டை மாட்டினேன். ஈயக் குண்டைக் கிணற்றில் போட்டேன். மண்டிக்கு ஒரு வண்டியும் வரவில்லை.

24-7-76

துளசிங்கத்தின் கடிதத்துக்கு வாத்தியார் தந்தி: ஒரு வாரத்தில் இரண்டு கிலோ இறக்கினால் மேடையில் பிணமாக விழுவான், போட்டி ரத்து. துளசிங்கம் துணிப்பையை எடுத்துக்கொண்டு சென்னை ரயிலுக்குக் கிளம்பினான். அக்கா காலில் விழுந்தான். என்னிடம், "வரேங்க" என்றான். பாவா இல்லை.

29-7-76

வேணுவுக்குச் சேற்றில் போன வெல்லத்துக்குப் பதில் இரண்டு மூட்டை அனுப்பினேன். ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டான். "போனது ஒரு மூட்டைதான்" என்று சொல்லியனுப்பினானாம்.

பத்திரிகையில் மூன்று வரி. துளசிங்கம் பின்வாங்கினார் என்று. கோலார்க்காரர்கள் பயந்தாங்கொள்ளி என்கிறார்களாம். டேவிட், "நீ இறங்கி வர வேணாம், நான் அறுபதுக்கு ஏறி வர்றேன்" என்று சவால் விட்டிருக்கிறான். ஆகஸ்ட் 29. மாசம் ஒன்று இருக்கிறது. பையன் அதற்குள் தின்று தேற வேண்டும்.

30-8-76

நேற்று சென்னை போனேன். கமலாவிடம் சரக்கு விஷயம் என்றேன். அவள் நம்பவில்லை, தடுக்கவுமில்லை. கடைசி வரிசை டிக்கெட். முன்னால் நம் ஊர்க் கூட்டம் முழுக்க இருந்தது, தலையைக் குனிந்துகொண்டேன்.

பலகையில் எடை எழுதியிருந்தார்கள். துளசிங்கம் 58.700. இன்னும் தேறவில்லை.

முதல் இரண்டு ரவுண்டு அவனுடையதுதான், சத்தியமாக. டேவிட்டின் மூக்கில் ரத்தம். கடைசி ரவுண்டில் இவன் கை இறங்கிவிட்டது. தூக்க நினைக்கிறான், வரவில்லை. தண்ணீருக்குள் கை வீசுகிற மாதிரி. "கையைத் தூக்குடா துளசி!" என்று மணவாளன் கத்தினான். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். ஒரு பாயிண்டில் பட்டம் போயிற்று. ரெயில்வே அதிகாரி டேவிட்டின் கையைக் குலுக்கினார்.

வெளியே வரும்போது ஜம்புலிங்கம் என்னைப் பார்த்துவிட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடைசி வண்டி போயிடும், சீக்கிரம் போங்க" என்றான்.

17-10-76

கடலை எல்லாம் அரக்கோணம் போகிறது. திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடையை விற்றுவிட்டு வேறு ஊர் போகலாம் என்றால் கமலா, "அங்க போய் இன்னா தராசு வைப்பீங்க?" என்கிறாள். மூன்று மாசத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம்.

துளசிங்கம் வாத்தியாரோடுதான் இருக்கிறானாம். மறுபடி அறுபது கிலோவாம். அக்காவுக்குக் கார்டு எழுதுகிறான்.

14-11-76, ஞாயிறு

அறுவடை முடிந்து கண்ணையன் வந்தான். அரக்கோணம் வரை வண்டிக்கூலி கட்டுபடியாகவில்லையாம். பதினெட்டு மூட்டை. கூட வேறு நாலு வண்டி.

மூட்டையை இறக்க ஆள் போனான். கண்ணையன் கையைக் காட்டி நிறுத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் அவனே ஏறி நின்றான். மடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். வரும் வழியில் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் நின்று எழுதி வாங்கிய எடை.

"படிங்க" என்றான்.

குண்டை நகர்த்தினேன். கோல் நின்றது. "ஐம்பத்தொண்ணு நானூறு."

சீட்டைப் பார்த்தான். மடித்து மடியில் வைத்தான். இறங்கி, மூட்டையை ஏற்றச் சொன்னான். அவனுக்குப் பின்னால் அடுத்த வண்டிக்காரனும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் ஒரு சீட்டு.

எதிர்ச்சாரியில் டீக்கடை வாசலில் மணவாளனும் ஜம்புலிங்கமும் இன்னும் பத்துப் பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தையில் துளசிங்கம் டேவிட்டையே மறுபடி கேட்பதா, பட்டாளத்துக்காரனிடம் ஏறுவதா என்று. என்னைக் கேட்டால் ஏறக்கூடாது, டேவிட்தான் சரி, கடைசி ரவுண்டுக்கு மூச்சு இருந்தால் அவனை அடித்துவிடுவான். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

"படிங்க" என்றான் அடுத்தவன். படித்தேன்.