மோதிரத்தில் உள்ள பேரு

அத்தானுக்கு,

கேஸ் முடியும்வரை நம்ம பாறசாலைப் பக்கம் வரப்பிடாதுண்ணு சொல்லியாக்கும் ஜாமீன் தந்திருக்கு. உங்க போனும் போலீசுகிட்ட. அதனால நீங்க தங்கியிருக்க பொழியூருக்கு, உங்க அக்கா, மைனி வீட்டுக்கு எழுதுறேன்.

பேப்பரில உங்க பேரும் வீட்டுப்பேரும் உண்டு. படம் நம்ம கல்யாணப் போட்டோ. என்னை வெட்டி எடுத்திட்டு உங்க தோளில என் கையை மட்டும் விட்டிருக்காங்க. சந்தையில எல்லாரும் என் கையையே பாக்காங்க.

குற்றம் நிரூபணம் ஆகும்வரை உங்க பேரையும் மறைக்கலாமேண்ணு வக்கீலிடம் கேட்டேன். அப்படிச் சட்டம் இல்லையாம். பலாத்காரக் கேஸில புகார் கொடுத்தவளுக்கு மட்டும் உண்டாம். பேப்பரில அவ 'முப்பத்திரண்டு வயசு யுவதி', அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக்கும்.

செய்தீங்களா இல்லையாண்ணு நான் கேக்கல்ல. ஜெயிலில வந்து அவ யாருண்ணுதான் கேட்டேன். “அவ பேரு வெளிய வரப்பிடாது, பாவம், அவ ஜீவிதம் போவும்”ணு சொன்னீங்க. அந்தப் 'பாவம்' இப்பவும் என் காதில கிடக்கு. என் பேருக்காக ஒருநாள் அப்படிப் பதறினதுண்டா?

ஜெயிலில கழற்றி என்கிட்ட கொடுத்த உங்க கல்யாண மோதிரத்தை மைனி கேட்டு ஆள் விட்டாங்க. அதுக்குள்ள என் பேரு வெட்டியிருக்கு. தரமாட்டேன். என் பேரும் வெளிய வரப்பிடாது.

இப்படிக்கு,
படத்தில் கை மட்டும் உள்ளவ