எந்தச் சின்னத்துறை?

இனயம் சின்னத்துறை,
12.6.2023

அன்புள்ள கிளீட்டஸ் அண்ணனுக்கு,

கத்தாரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் அடக்கம் முடிந்து நாற்பது நாளாகிறது. என் ஃபோனை நீங்கள் எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் ஆம்புலன்ஸுக்கு அழைத்தது நான்தான். ஊர் கேட்டார்கள், "சின்னத்துறை" என்றேன். நம்மூரில் யார் இனயத்தைச் சேர்த்துச் சொல்கிறோம்? வண்டி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தூத்தூர்ச் சின்னத்துறைக்குப் போய்விட்டது. திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டவாவது செய்யுங்கள் அண்ணா, பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தங்கை,
பெபிஷா

தோஹா,
3.7.2023

பெபிஷா,

ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அப்பா இருந்திருப்பார். இனி எழுதாதே.

கிளீட்டஸ்

இனயம் சின்னத்துறை,
18.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன், என்ன செய்வீர்கள்? என் வாய்த்தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரிலேயே ஒரு வண்டி நின்றிருந்தால் அந்தத் தவறு அப்பாவைக் கொன்றிருக்காது. இதைச் சொல்லித்தான், மீன் விற்கும் பெண்களோடு பதினோரு திங்கட்கிழமை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்ற அதிகாரியிடம் வியாகுலம்மாள் மாமி கேட்டாரே ஒரு கேள்வி: "சாரே, நெஞ்சுவலி அடுத்த வாரம் வரைக்கும் நிக்குமா?" அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

வண்டி வந்துவிட்டது அண்ணா! கோயில் முற்றத்திலேயே நிற்கிறது. வெடி போட்டு வரவேற்றோம். முந்தாநாள் மரியான் சித்தப்பாவுக்கு அதே நெஞ்சுவலி. ஆறே நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்; ஆஸ்பத்திரியில் மீன்குழம்பு கேட்டுச் சண்டை போடுகிறார்! கேட்டுச் சிரித்தேன், பிறகு அப்பாவை நினைத்து அழுதேன்.

பெபிஷா

தோஹா,
9.3.2024

அன்பு மக்கா பெபிஷாவுக்கு,

எங்கள் ரூமுக்குப் புதிதாக டிஜோ என்று ஒருவர் வந்திருக்கிறார். ஊர் எது என்று கேட்டார். "சின்னத்துறை" என்றேன். "நானும் சின்னத்துறைதான்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினோம். கோயில் பங்குச்சாமியாரின் பெயரை அவர் வேறாகச் சொன்னபோதுதான் விளங்கியது, ஆள் தூத்தூர்ச் சின்னத்துறைக்காரர். சோற்றுத் தட்டின் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்த எனக்கே 'இனயம்' என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அப்பா தரையில் கிடந்து துடிக்கும்போது உனக்கு எப்படி வந்திருக்கும்?

உனக்குக் கொடுமை செய்துவிட்டேன், மக்கா. மன்னித்துவிடு. மகனாக நான் போட்டிருக்க வேண்டிய சண்டையை நீ போட்டு ஜெயித்திருக்கிறாய். உன் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள். "எனக்க தங்கச்சியாக்கும்" என்றேன்.

உன் அண்ணன்,
கிளீட்டஸ்