ரயிலை விட்டு இறங்கிய அப்பாவுக்கு ஒரு பாட்காஸ்ட்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

வலியசாலை வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போதும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறித்தான் கழக்கூட்டத்து ஆபீசுக்குப் போகிறேன்.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஸ்ரீகாரியம் பக்கம் பஸ் நெரிசலில் நின்றபோது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை சில்லிட்டுப்போனது. மூச்சு உள்ளே போகவே இல்லை. சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன், அப்பா. கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி, ஒரு ஜூஸ் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள்; ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும்.

ஆபீசில் என் பக்கத்து மேஜை ஆதிரா எதையும் கேட்டுத் துளைக்கவில்லை. "சேச்சி, இதொண்ணு கேட்டு நோக்கூ" என்று, கேட்டுப் பார்க்கச் சொல்லி, போனில் ஒரு பாட்காஸ்ட்டை அனுப்பினாள். ரேடியோ மாதிரிதான் அப்பா. நமக்கு வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அதில் ஒரு பெண் டாக்டர் மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். சிலருக்கு லிஃப்டில் ஏற முடியாது என்றார். சினிமா தியேட்டரில் கதவோரச் சீட்டுதான் கேட்பார்கள். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பார்கள். கேட்டால் வாயுத் தொல்லை என்பார்கள். அது பிடிவாதம் இல்லை, பயம் உடம்பில் வந்து உட்காருவது என்றார்.

எனக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் அவர் உங்களைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தார்?

என் பட்டமளிப்புக்குச் சென்னை புறப்பட்ட நாள் நினைவிருக்கிறதா? தம்பானூர் ஸ்டேஷனில் அம்மா, அண்ணன், நான் மூவரும் உட்கார்ந்துவிட்டோம். ரயில் கிளம்பும் நேரத்தில் நீங்கள் எழுந்து இறங்கிவிட்டீர்கள். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வயிறு சரியில்ல" என்று பிளாட்பாரத்தில் நின்று சொன்னீர்கள். சட்டை முழுக்க வேர்வை. திரும்பி வந்து நான் கத்தினேன்: "ஒங்களுக்கு எம்மேல பாசமே கெடையாது!" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கு மக்களே. உள்ள இருக்கத்தான் முடியல" என்றீர்கள்.

மூன்று மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன். அதற்கு உங்களிடம் மன்னிப்பே கேட்கவில்லையே, அப்பா?

இதையெல்லாம் சொன்னபோது அம்மா கோபப்பட்டாள். "செத்துப்போன மனுசனுக்குச் சீக்குப் பேரு வைக்கியாட்டி?" இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், அவள் அடுக்களையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நான் போனைப் பக்கத்தில் வைத்து அந்த டாக்டரைப் பேசவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கத்திச் சத்தம் நின்றது.

"தெனமும் என் கையில அவரு கையத் தருவாரு" என்றாள். "நாடி பிடிச்சுப் பாத்து, 'எல்லாம் சரியாத்தான் ஓடுது'ன்னு சொல்லணும். முப்பத்தாறு வருசம் சொல்லியிருக்கேன். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொன்னாப் போதும்னு நெனச்சிட்டேன் மக்களே. ஒரு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

அழவில்லை. மீதிப் பயற்றங்காயையும் நறுக்கி முடித்தாள்.

இப்போது அவளே கேட்கிறாள், "அடுத்தது வந்தாச்சா?" என்று. இரண்டு சிநேகிதர்கள் தமிழில் பேசுவது ஒன்று உண்டு. தங்கள் மனச்சோர்வைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. "எதுக்கு இந்தச் சிரிப்பு?" என்பாள். எனக்குப் பிடிக்கும், நெரிசலில் அதுதான் துணை. நீங்கள் இருந்திருந்தால், மூச்சை மெதுவாக விடச் சொல்லித் தரும் ஒன்றை உங்களுக்குப் போட்டுத் தந்திருப்பேன். பத்து நிமிஷம்தான், இடையில் பாட்டோ விளம்பரமோ இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

கேட்பது மட்டும் வைத்தியம் ஆகாது என்று அந்த டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அதனால் பட்டம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்வருகிறேன். நெஞ்சு இன்னும் சில நாள் படபடக்கிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை.

பெரிய செய்தி இனிமேல்தான். நாகர்கோவிலில் இருக்கும் அண்ணனுக்கும் அந்தப் பாட்காஸ்ட்டை அனுப்பியிருந்தேன். ஒரு வாரம் பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். கடை, மழை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரல் இறங்கிப்போய்ச் சொன்னான்:

"எனக்கும் இருக்குட்டி. ஆறு வருசமா."

நம் வீட்டில் எதற்கும் அசராதவன் என்று நீங்கள் சொன்ன அண்ணன்! அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாதாம். "நீ வேணும்னா டாக்டர்ட்ட வா, நான் கூட வாரேன்" என்றேன். சரி என்று சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆனால் சொல்லிவிட்டான்.

வரும் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். நான் லீவு போட்டிருக்கிறேன். இந்த முறை லீவுக்குக் காரணம் தலைவலி என்று எழுதவில்லை. அண்ணியிடமும் அவனே சொல்லிவிட்டான், அவளும் வருகிறாள்.

அப்பா, உங்களுக்கு நான் தரும் வாக்கு இது. அவன் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் சொல்ல விரும்பினால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் காப்பி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எப்படியானாலும் அவனை இதில் தனியாக விட மாட்டேன்.

உங்கள் மகளும், அண்ணனுக்குத் தங்கையுமான
பகவதி