அண்ணன் வேஷம்

கொடைக்கானல்
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எங்கள் லாட்ஜில் சீசன் கூட்டம் வடிந்துவிட்டது.

நான் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். அதை வைத்து அந்த இடத்திலேயே சிரிக்க வைக்க வேண்டும். நேற்று முதல் தடவை மேடை ஏறினேன். கூட நடித்த ஜீப் டிரைவர் சிவமுருகன், புருஷன் வேஷத்தில், "ஏம்மா, சட்டியில என்ன கருகுது?" என்று கேட்டார். "ஒண்ணும் கருகலயே" என்று சொல்லிவிட்டு மரம் மாதிரி நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வரும் ஞாயிறும் போகிறேன்.

தங்கை,
சண்முகவள்ளி

பழனி
28 ஜூலை 2025

சண்முகவள்ளிக்கு அண்ணன் எழுதுவது.

நீ அந்த டிரைவருக்குப் பெண்டாட்டியாக நடித்ததை யாரோ போனில் எடுத்து அனுப்பி, அது சம்பந்தி வீடு வரை போயிருக்கிறது. பஞ்சாமிர்தம் வாங்க வந்தவன் கடையில் நின்று கேட்கிறான், "உங்க தங்கச்சியா அது?" என்று. புருஷனை விட்டு வந்தபோது ஊர் பேசியது, உனக்காகத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியாது.

மேடையில் கூட இருப்பவர் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னாயாம். அண்ணன் சொல்லுக்கு மட்டும் அது கிடையாதா?

ஆவணியில் தமிழ்மதி கல்யாணம். நாடகத்தை விட்டால்தான் என் மகளுக்கு அத்தையாக மணமேடையில் நிற்கலாம்.

இராமலிங்கம்

கொடைக்கானல்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

விடமாட்டேன்.

முதலில் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்தே ஜோக் யோசித்துக்கொண்டு போவேன். ஒன்றும் எடுபடாது. ஒருநாள் சிவமுருகன் சொன்னார், "அக்கா, நான் பேசுறத நீங்க கேக்கவே இல்ல. அடுத்து என்ன சொல்லலாம்னே நிக்கிறீங்க." அன்றிலிருந்து எதிரில் நிற்பவர் முகத்தை மட்டும் பார்க்கிறேன். போன வாரம் அவர் என்னைக் கழுதை என்றார். கழுதையாகவே பூண்டு மூட்டை சுமந்து மேடையிலேயே கவுஞ்சி கிராமம் வரை நடந்தேன். கூடம் முழுக்கச் சிரித்தது.

ஒத்துக்கொள்வது, கூட நிற்பவரைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக. நீங்கள் கேட்பது அதுவல்ல. கல்யாணத்துக்கு வருவேன். எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள்.

சண்முகவள்ளி

கொடைக்கானல்
8 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

கல்யாணத்தில் என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. ஐந்தாவது வரிசையிலிருந்து தாலி கட்டுவதைப் பார்த்தேன், சாப்பிட்டேன், பஸ் ஏறினேன்.

நேற்று நாடகத்தில் யாரோ "கல்யாணம்" என்று வார்த்தை கொடுத்தார்கள். நான் பெண்ணுக்கு அப்பாவாக, உங்களாகவே, நின்றேன். கேலி செய்யத்தான் ஆரம்பித்தேன். சம்பந்தியாக வந்த சிவமுருகன், "பந்தியில உப்பு கொறையுதே" என்றார். கும்பிட்ட கையை இறக்கவே எனக்கு வரவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் சம்பந்தி முன்னால் நீங்களும் அப்படித்தான் கும்பிட்டபடியே நின்றீர்கள், நான் பார்த்தேன். "சொல்லுங்க, இப்பவே வெரசா கொண்டாரச் சொல்றேன்" என்று உங்கள் குரலிலேயே வந்தது.

சம்பந்தி வீட்டுக்குப் பயந்துதான் என்னைக் கீழே நிறுத்தினீர்கள் என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நாடகம். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். நீங்கள் வராவிட்டால் வேறு யாராவது உட்காரட்டும். நான் நடிப்பேன்.

சண்முகவள்ளி