இடது பக்கத்து எஞ்சின்கள்

பள்ளிபாளையம்
4-6-1984

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தவள் இதைக் கேட்கக் கூடாதுதான். கை தானாக எழுதிவிட்டது.

வார இதழில் வரும் என் விண்வெளித் தொடர்கதையை நம் லாரிப் பட்டறையில் படித்துக் காட்டி, "எஞ்சின் நாலும் இடது பக்கமே இருந்தா கப்பலு பம்பரமாட்டச் சுத்தும்" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தீர்களே, இப்போது வாசகர்களும் அதையே கேட்கிறார்கள். சரியான பதில் இல்லாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவாராம் ஆசிரியர். வலது பக்கம் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சூடு படக்கூடாது என்றுதான் அப்படி வைத்தேன். விண்வெளியில் எடையே கிடையாதே, எப்படிச் சுற்றும்? சிரித்தவரே சொல்லுங்கள்.

வசந்தாமணி


நாமக்கல்
7-6-1984

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. எடை இல்லாவிட்டாலும் பொருள் பொருள்தானே? ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் மறுபக்கம் முரண்டு பிடிக்கும், சுற்றத்தான் செய்யும். சந்தேகம் தீர, லாரிக்கு அடியில் வேலை பார்க்கும் சக்கரப் பலகையில் நானே படுத்து, இடது தோளை மட்டும் தள்ளச் சொன்னேன். நம் வெல்டர் கந்தப்பன் வஞ்சனையில்லாமல் தள்ளினான். பலகை சுற்றிப்போய் டீசல் டிரம்மில் மோதி, நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். "ஏனுங்க, கப்பலு எந்த ஊருக்குப் போச்சுங்க?" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. தப்பு என்னுடையது.

ஒரே பெரிய எஞ்சினை நடுவில் வைத்தால் பாரம் குறையும். ஆனால் அது நின்றால் எல்லாரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நாலு மூலைக்கும் பிரித்து வை. ஒன்று நின்றால் எதிர் மூலையையும் நிறுத்திவிட்டுப் பாதி வேகத்தில் ஊர் வந்து சேரலாம்.

சின்னுசாமி


பள்ளிபாளையம்
10-6-1984

மாமா,

வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போடுங்கள். சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரித்து வைக்க வழியில்லை. இடது பக்கம் என்று ஏழு வாரமாக அச்சாகிவிட்டது. கதை முடிந்தது என்று எழுதி அனுப்பிவிடட்டுமா? நினைத்தாலே அழுகை வருகிறது.

வசந்தா


நாமக்கல்
13-6-1984

அம்மிணி,

அனுப்பாதே. நம் பட்டறைக்கு வரும் லாரிச் சேஸ், பாடி இல்லாத வெறும் சட்டம்தான் என்றாலும், எஞ்சின் மாட்டித்தான் வருகிறது. டிரைவர் வெறும் பலகையில் உட்கார்ந்து ஓட்டி வருகிறார். எஞ்சின் இருக்கும் இடம் பிடிக்கவில்லை என்று நாங்கள் என்றைக்காவது திருப்பி அனுப்பியிருக்கிறோமா? அதற்குத் தக்கபடி பாடி கட்டுகிறோம். நீயும் கட்டு. தண்ணீர்த் தொட்டிகளையெல்லாம் எஞ்சின்களை ஒட்டி இடது பக்கமே அடுக்கு. பாரத்தின் நடு, எஞ்சின் தள்ளும் கோட்டுக்கு வந்துவிட்டால் கப்பல் நேரே போகும். சூட்டையும் தண்ணீர் தடுக்கும். ஆட்கள் குடிக்கக் குடிக்கக் கப்பல் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும் பார், அதை வைத்தே இன்னும் பத்து வாரம் எழுதலாம். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ இல்லாமல் வீட்டில் கால் தங்கவில்லை. இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாமனாரிடம் பேசி உன்னைக் கூட்டிவர வரட்டுமா?

சின்னுசாமி


பள்ளிபாளையம்
21-6-1984

என் அன்பான மாமாவுக்கு,

தொடர் நிற்கவில்லை. உங்கள் படத்தையும் போடுகிறார்களாம். வரைந்த எஞ்சினியர் யார் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார் என்று எழுதிவிட்டேன். எழுதும்போது பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். அதுவரை என்னால் இருக்க முடியாது. தபாலில் போட்டால் இதுவும் இரண்டு நாள் ஆக்கும். ஆகையால் இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். நாளைக் காலை முதல் பஸ்.

உங்கள்
வசந்தாமணி