கடைசி ஜன்னல் கோழி

14 ஜூன் 2025, சனி

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஒரு வழியாக முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

மத்தியானம் பீரோவை ஒழிக்கும்போது என் காலேஜ் போன் கிடைத்தது. கீபேட் போன். சார்ஜரைத் தேடிச் செருகினால், அட, உயிர் வந்துவிட்டது! உள்ளே “துண்டு” அப்படியே இருக்கிறது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் நானே எழுதிய கேம். தினம் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு நின்றுகொண்டே போய் வந்த எரிச்சலில் எழுதியது. பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும். அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டு பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். நிஜத்தில் என் துண்டு ஒரு நாளும் விழுந்ததில்லை, கேமிலாவது விழட்டுமே என்று.

இலக்கியாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் விளையாடினாள். “அம்மா, இதுல விளம்பரமே வரலையே, ரிப்பேரா?” என்கிறாள். நான் பெற்ற மகள்தான்.

17 ஜூன், செவ்வாய்

கேம் என்னுடையது என்று பெருமையாக எழுதிவிட்டேன். பாதிதான் என்னுடையது.

நான் எழுதிய முதல் “துண்டு”வில் பஸ் என்பது ஒரு நீலக் கட்டம், ஜன்னல் வெள்ளைக் கட்டம். எனக்குப் படம் வரையக் கையே வராது. அந்த நாளில் பஸ்ஸில் புளூடூத்தைத் திறந்தால் உள்ளே இருக்கிற போன்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும். சிங்கம், லவ்லி பாய், கிட்ட வராதே. என் போனுக்கு நான் வைத்த பெயர் புயல். (இப்போது நினைத்தால் மானம் போகிறது.) யார் எவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் கேமை அனுப்பினேன். பாதிப்பேர் வாங்கிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து “குருவி” என்ற பெயரிலிருந்து என் கேமே எனக்குத் திரும்பி வந்தது. திறந்தால், பஸ்ஸுக்கு உயிர் வந்திருக்கிறது! கண்டக்டருக்கு மீசை. முந்திரிக் கொட்டை மூட்டையோடு ஒரு பெரியம்மா. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற ஆள். கடைசி ஜன்னலில் ஒரு கோழி. யாரோ கேமைப் பிரித்து, படங்களை மட்டும் மாற்றி, மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பதிலுக்கு நான் மழை பெய்ய வைத்து அனுப்பினேன். சொட்டச் சொட்ட நனைந்த துண்டு வந்தது. அந்த வருஷம் முழுக்க இப்படியேதான். ஒரு வார்த்தை பேசியதில்லை. புளூடூத் எட்டுகிற தூரம் ஒரு பஸ் நீளம்தான், ஆகவே ஆள் அதற்குள்தான் இருக்கவேண்டும். ஒரு பையன் பாக்கி இல்லாமல் பார்த்தேன். பின் சீட்டில் கண்ணாடி போட்ட குருநாதன் மேல் ரொம்ப நாள் சந்தேகம். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை பட்டியலில் குருவி இல்லை. அப்புறம் வரவே இல்லை.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அந்த வருஷம். கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

22 ஜூன், ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். “துண்டு”வை இந்தக் காலத்துப் போனுக்கு மாற்றி எழுதி ஸ்டோரில் போடப்போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கேம்கூட எழுதவில்லை. ஏன்? யாரும் தடுக்கவில்லை. தானாக நின்றுபோயிற்று.

வீட்டுக்காரரிடம் சொன்னதும், “செய்யேன், ஞாயித்துக்கிழமை சமையல் என் பொறுப்பு” என்றார். இன்றைய சாம்பாரில் உப்பில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

ஓடுகிறது! விரலால் தள்ளினால் துண்டு பறக்கிறது!

ஸ்டோரில் ஏற்றப் போனால் ஒரு கேள்வி: இதிலுள்ள படங்கள், ஒலி எல்லாவற்றுக்கும் உங்களுக்கு உரிமை உண்டா? டிக் போட வேண்டுமாம். கை போகவில்லை.

“பதினஞ்சு வருஷம் ஆச்சு சுவாதி. எந்தக் குருவி பறந்து வந்து கேஸ் போடப்போவுது? போடு டிக்க” என்றார் இவர்.

போட்டால் போகும். ஆனால் அந்த மீசையை நான் வரையவில்லையே. சரி, படத்தையே மாற்றிவிடலாம் என்று நெட்டிலிருந்து இலவசப் பஸ் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெளிநாட்டு ஸ்கூல் பஸ், மஞ்சளாக, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறது. அதில் துண்டு போட எனக்கே மனசு வரவில்லை.

குருவியைக் கண்டுபிடிக்கணும். கிடைக்கலைன்னா இந்தக் கேம் எனக்கு வேண்டாம்.

1 ஜூலை, செவ்வாய்

பஸ் படத்தை எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். “2010. உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூர் போகும் காலை பஸ். கடைசி ஜன்னலில் இருக்கும் இந்தக் கோழியை வரைந்தவர் யார்?”

5 ஜூலை, சனி

இதுவரை நான்கு குருவிகள் கிடைத்திருக்கிறார்கள். நால்வரும் ஆண்கள். நால்வருமே “அந்தக் கோழிய வரைஞ்சது நான்தான்” என்கிறார்கள். காலேஜில் எங்கள் வகுப்பு செல்லக்கண்ணு ஒருபடி மேலே போய், “நீ கண்டுபிடிப்பேன்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்” என்று எழுதியிருக்கிறான். படத்தை எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். போட்டோ எடுத்து ஒட்டினானாம். போடா.

குருநாதனையும் விடவில்லை, நம்பர் வாங்கிக் கேட்டுவிட்டேன். “சாரிங்க, அப்ப எங்கிட்ட போனே கிடையாது” என்றான். போனே இல்லாத ஆளையா ஒரு வருஷம் உற்று உற்றுப் பார்த்தேன்! இவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

இன்டர்வெல்லில் ஒரு வாய்ஸ் மெசேஜ். தெரியாத நம்பர். பெண் குரல்.

“ஏம்மா, அது கோழி இல்லம்மா. குருவி. பேருக்கு ஒன்னு இருக்கட்டும்னு போட்டேன். எனக்குப் பறவ சரியா வராது, கொஞ்சம் குண்டாயிடுச்சு.”

லேப் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழணும்? தெரியல. மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

குருவி பெண்ணாக இருக்கும் என்று எனக்கு ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை?

13 ஜூலை, ஞாயிறு

இவர் வண்டியில் வேப்பந்தட்டை போனோம். மெயின் ரோட்டில் சின்ன ஃபிளெக்ஸ் பேனர் கடை. உள்ளே காதுகுத்து பேனர் ஒன்று பாதியில் நிற்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு அம்மா. பெயர் வெற்றிச்செல்வி என்று போனிலேயே சொல்லியிருந்தார். பெயர் எனக்குப் புதிது. முகத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது.

பை வாங்கி வைத்துக்கொள்ளும் அக்கா!

நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் பஸ்ஸில் வழக்கம்தானே. அக்கா உடையார்பாளையத்திலேயே ஏறிவிடுவார், அதனால் எப்போதும் சீட்டு இருக்கும். நான் அரியலூரில் ஏறியதும் கேட்காமலே என் பையை அவர் மடியில் வைத்துவிடுவேன். இறங்கும்போது வாங்கிக்கொள்வேன். அந்த வருஷம் முழுக்க. பெயர்கூடக் கேட்டதில்லை. பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொண்டிருந்தாராம். மீசை வரையக் கற்றதும், கேமைப் பிரித்துக் கட்டியதும் அங்கே இருந்த கம்ப்யூட்டரில்தானாம். ஒரு சனிக்கிழமை முதலாளி திடீரென்று கடையை மூடிவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வேலையில்லை.

“நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?”

“நீ அனுப்பறப்பல்லாம் என் தலைக்கு மேலதான நின்ன, எனக்கு மொத நாளே தெரியும். ஆனா நீ எந்நேரமும் நிமிந்து பின் சீட்டையே பாத்துட்டு இருந்த. ஒரு நாளாச்சும் குனிஞ்சு பாப்பன்னு இருந்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அங்கேயே தரையில் உட்காரவேண்டும் போலிருந்தது. அவ்வளவு வெட்கம், அவ்வளவு சந்தோஷம், இரண்டும் ஒன்றாக.

படங்களுக்கு அனுமதி கேட்டேன். “டிக் போட்டுக்க. கோழின்னு மட்டும் எங்கயும் எழுதிடாத.”

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆசை விடவில்லை. “அக்கா, சேர்ந்து இன்னொரு கேம் பண்ணலாமா?” என்றேன். அதற்குள் காதுகுத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். “பாக்கலாம்மா” என்று திரும்பிக்கொண்டார். பாக்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

20 ஜூலை, ஞாயிறு

டிக் போட்டேன். உருவாக்கியவர்கள்: சுவாதி, வெற்றிச்செல்வி.

உடனே வெளியிட முடியாதாம். பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் போனில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். அன்றைக்குப் பெயர் தெரியாத பஸ்ஸே சோதித்தது. இன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவராக இமெயில் கேட்டுக் கெஞ்சுகிறேன். தமிழ் டீச்சர் அம்பிகா, “இதப் போட்டா என் பேங்க் பணம் போயிடாதே?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

2 ஆகஸ்ட், சனி

அக்கா கூப்பிடவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

நானே கூப்பிட்டேன். ஆடி முடியப்போகிறது, கல்யாண பேனர் குவிந்துவிட்டதாம். இரண்டு வார்த்தையில் போனை வைத்துவிட்டார். தொந்தரவு செய்கிறேனோ? எனக்குத்தான் அந்த வருஷம் பெரிசு. அவருக்கு அது சும்மா ஒரு பஸ் பயணமாக இருக்கலாம்.

23 ஆகஸ்ட், சனி

“துண்டு” ஸ்டோரில் வந்துவிட்டது. அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பரவாயில்லை என்று எழுத வந்தேன். பரவாயில்லைன்னு இல்ல, கஷ்டமாத்தான் இருக்கு.

7 செப்டம்பர், ஞாயிறு

காலையில் போனைத் திறந்தால் அக்காவிடமிருந்து படங்கள். வணக்கம்கூட இல்லை, வெறும் படங்கள், அந்தக் காலம் மாதிரியே.

பஸ்ஸின் உள்பக்கம். சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. ஒரு மடி. அதன்மேல் பைகள், டிபன் கேரியர், ஒரு சுரைக்காய், முகம் மறைகிற வரைக்கும் அடுக்கு. எந்தப் பை யாருடையது என்று நினைவு வைத்து, அவரவர் ஸ்டாப்பில் சரியாக எடுத்துக் கொடுக்கவேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் இலக்கியா ஓடிவந்தாள்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலேஜ் பெண் நிற்கிறாள். எல்லாப் படத்திலும் அவளுக்குப் பின்னந்தலை மட்டும்தான், இரட்டை ஜடை.

போன் போட்டேன். “அக்கா, அந்தப் பொண்ணுக்கு முகம் வரையலியா?”

“அதெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கேன். தனி ஃபைல்ல இருக்கு. அவளக் குனிஞ்சு பாக்க வக்கிறது உன் வேல. புரோகிராம் நீதான எழுதுவ?”

சாயங்காலத்திலிருந்து அந்த ஒரு அசைவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை, கழுத்து மட்டும் தனியாகத் திரும்புகிறது. நாளை காலை அப்படியே அனுப்பி வைத்து என்ன சொல்கிறார் என்று கேட்கவேண்டும்.